கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத வீடு

சேரியில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, அரசு வேலைக்கோ தனியார் வேலைக்கோ போன நம் தலைமுறையின் அடுத்த கனவு டவுனில் ஒரு சொந்த வீடு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் நிற்காத தெருவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. விலை பேசி, முன்பணம் கொடுத்து, வங்கிக் கடனும் தயாரான பிறகு அந்த வீடு நழுவிப்போவதை நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. கணவர் பள்ளி ஆசிரியர், மனைவி செவிலியர். ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். மூன்று மாதம் கெடு. நகைகள் அடகுக்குப் போயின. வங்கிக்குப் பரிசீலனைக் கட்டணம், பத்திரங்களைப் பார்த்த வக்கீலுக்குக் கட்டணம், மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் என்று பணம் கரைந்தது. குடியிருந்த வாடகை வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டைப் பார்க்கப் போன ஆசிரியரிடம் எதிர்வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார். "சொந்த ஊரு எது சார்?" ஊர்ப் பெயரைச் சொன்னார். "ஊர்லயா, காலனியிலயா?" அதையும் மறைக்காமல் சொன்னார். மறுநாள் காலை தரகர் போன் செய்தார். "ஓனரோட பொண்ணு வீட்டை விக்க வேணாம்னு அழுவுதாம் சார். அட்வான்ஸைத் திருப்பித் தந்துடுறாராம். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க." இரண்டு மாதம் கழித்து அதே வீடு வேறொருவர் பெயருக்குப் பதிவானது.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் அந்தக் கேள்வி தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வீட்டு வியாபாரம் முறிவது யாருக்கும் நடக்கக்கூடியது. கூடுதல் விலைக்கு ஆள் வந்துவிடும், வாரிசுகளுக்குள் ஒத்துவராது, வில்லங்கச் சான்றிதழில் பழைய அடமானம் தெரியவரும். எல்லா முறிவுக்கும் சாதிதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. நமக்குள்ள சிக்கல் வேறு. உண்மையான காரணத்தை யாரும் நம் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மகள் அழுகிறாள், வாஸ்து சரியில்லை, அண்ணன் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று நாகரிகமான காரணங்கள் கைவசம் இருக்கின்றன. டீக்கடையில் தனிக் குவளை வைத்தால் கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். முறிந்த கிரையத்தை எதைக் கொண்டு காட்டுவது?

முன்பணம் திரும்பி வந்தாலும் நட்டம் தீராது. அடகுக்கு வட்டி, வங்கிக்குக் கட்டிய கட்டணம், போட்ட விடுப்பு எதுவும் திரும்பாது. அதற்குப் பிறகு தரகர் காட்டும் மனைகள் எல்லாம் ஊருக்கு வெளியே, நம் ஆட்கள் ஏற்கெனவே இருக்கும் பக்கமாகவே இருக்கும். ஊர், சேரி என்ற பழைய கோடு டவுனில் மறுபடி இப்படித்தான் போடப்படுகிறது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசின் பணியில் சேர்ந்தபோது அந்த நகரத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரை, தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. இது 1917இல் நடந்தது. படிப்பும் பதவியும் வீட்டுக் கதவைத் தானாகத் திறந்துவிடாது என்பதை அவர் அன்றே அனுபவித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவை நம் மாணவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்று அது சொல்கிறது. பட்டியல் சாதியினருக்கு எதிராக இந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகும் செயல் நடந்தால், அது தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. அப்படி இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதை இந்தச் சட்டம் அன்றே எதிர்பார்த்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பையும் அதைச் செய்வதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது. வியாபாரத் தொடர்பு வைக்க மறுப்பதும் அந்தப் புறக்கணிப்பின் விளக்கத்தில் வருகிறது.

ஆனால் சட்டத்தை நாடக் கையில் காகிதம் வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ஒப்பந்தம் பதிவானால் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். அடுத்து வாங்க வருபவர், ஏற்கெனவே ஒருவரோடு ஒப்பந்தம் இருப்பதைத் தெரிந்துகொள்வார். பதிவு செய்யாத ஒப்பந்தம் வைத்திருப்பவர்களும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கிரையம் செய்து தரக் கோரும் வழக்கில் அதையும் சான்றாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். கடன் அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். மீதிப் பணத்தோடு தயாராக இருந்தோம் என்பதை வழக்கில் நாம்தான் காட்ட வேண்டும். தரகரின் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். விற்க மறுத்தால் உடனே வக்கீல் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து, தேதி குறிக்காவிட்டால் மறுப்பு தெரிந்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். திருப்பித் தராத முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே நமக்குப் பாத்தியதை உண்டு.

வழக்கு நடத்தி வாங்கிய வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் பின்வாங்காமல், பேசிய பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடும் உரிமையாளர்களும் நம் ஊர்களில் உண்டு. அவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். அதுவரை நம் பிள்ளைகள் பட்டா, சிட்டாவோடு சேர்த்து இந்த இரண்டு சட்டங்களையும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.