கம்ப்யூட்டருக்குப் பசிக்காது... உங்களுக்கு?

'மெஷின் வந்தா வேலை குறையும்னு நினைச்சோம் டாக்டர், தூக்கம்தான் குறைஞ்சது!' சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் புலம்பல் இது.

குற்றம் மெஷின் மேல் இல்லை. அதன் வேகத்துக்கு நாம் ஓடப் பார்க்கிறோமே, அதில்தான் இருக்கிறது. உடம்புக்கென்று தனியாக 14 வேகங்கள் உண்டு என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், கொட்டாவி என்று இயற்கையாக எழும் உந்துதல்கள் அவை. அடக்கினால் நோய்தான். 'இந்த புரோகிராமை முடிச்சுட்டு எழுந்திருக்கேன்' என்று சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால், கடுப்பும் தொற்றும் வரலாம்.

கண்ணும் அப்படித்தான். நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிற நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணின் ஈரம் காய்ந்து எரிச்சல் வருகிறது.

20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் பொருளை 20 விநாடி பாருங்கள். மணிக்கொரு தடவை எழுந்து நடந்து, தண்ணீர் குடியுங்கள். படுக்கைக்கு செல்போன் வேண்டாம். எரிச்சலோ மங்கலோ நீடித்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மா 'சாப்பிட வா' என்று கூப்பிட்டால், உடனே எழுந்திருங்கள். கம்ப்யூட்டர் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது!