காய்ச்சலை மறைத்து விளையாடும் பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊத்துக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் காலி இடமெல்லாம் கிரிக்கெட்தான். பிள்ளைகள் கைபேசியை வைத்துவிட்டு வெயிலில் ஓடுவதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இறுதிப் போட்டியன்று காலையில் மகனுக்கு உடம்பு சுடுகிறது. "மாத்திரை போட்டுட்டுப் போயிடுறேம்மா, அத்தாகிட்ட சொல்லாதீங்க" என்கிறான். நாமும் மனம் இளகி விட்டுவிடுகிறோம். பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும். கிருமி அப்படியே இருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்கும் தொற்றும். காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் அரிதாக இதயத் தசையிலும் அழற்சி வரலாம்.

2021 ஐபிஎல் நமக்கு நினைவிருக்கும். பூட்டிய ஹோட்டல், அடிக்கடி பரிசோதனை, வெளியாட்களுக்குத் தடை என எல்லா ஏற்பாடும் இருந்தது. அப்படியிருந்தும் மே 3 அன்று கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் கொரோனா உறுதியானது. அன்றைய ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த நாளே வேறு அணிகளிலும் தொற்று தெரிய, தொடரையே நிறுத்தினார்கள். அதுவரை 29 ஆட்டங்கள்தான் முடிந்திருந்தன. மீதி ஆட்டங்கள் செப்டம்பர் 19 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தன.

இதில் நம் தமிழ்நாட்டு வீரர் வருண் செய்ததைக் கவனிக்க வேண்டும். இருமல் இல்லை, லேசான காய்ச்சலும் அசதியும் மட்டும்தான். பயிற்சிக்குப் போகாமல், உடனே அணி நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். கோடிகள் புரளும் ஆட்டத்தில் அவரால் சொல்ல முடிந்தது. தெருக் கோப்பைக்கு ஆடும் நம் பிள்ளைக்கு அது முடியவில்லை என்றால், தப்பு பிள்ளையிடம் மட்டும் இல்லை.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். தண்ணீர்த் தோல்பையின் வாயில் நேரடியாக வாய்வைத்துக் குடிப்பதையும் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மைதானத்தில் பதினொரு பேரும் ஒரே பாட்டிலில் வாய்வைத்துக் குடிப்பதைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். முடியாவிட்டால் அண்ணாந்து குடிக்கட்டும்.

காய்ச்சலைவிட அதிகம் பரவுவதும், வெட்கப்பட்டு மறைக்கப்படுவதும் படர்தாமரைதான். கபடியில் தோலோடு தோல் உரசுகிறது. கிரிக்கெட்டில் ஒரே ஹெல்மெட்டும் ஒரே கால் பேடும் ஆள் மாறி ஆள் மாறிப் போகிறது. வியர்வை ஈரம் காயாத ஜெர்சியை மறுநாளும் போட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தொடை இடுக்கில் அரிப்பு வந்ததும் பையன் மருந்துக் கடையில் ஏதோ ஒரு கிரீம் வாங்கிப் பூசுகிறான். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக வரும். பிறகு மாதக்கணக்கில் மருந்து. ஆகவே மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாள்வரை மருந்தைத் தொடர வேண்டும். வீட்டில் அவனுக்குத் தனித் துண்டு, தனிச் சோப்பு. (பள்ளிவாசலில் பெட்டியில் கிடக்கும் பொதுத் தொப்பிகளையும் அவ்வப்போது துவைத்து வெயிலில் காயவைத்தால் நல்லது.)

மெட்ராஸ் ஐ வந்தவனைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்னமும் நம்புகிறோம். பார்வையால் பரவாது. கண்ணைக் கசக்கிய கை, அந்தக் கை பட்ட பந்து, முகம் துடைத்த துண்டு, இவற்றால்தான் பரவும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பந்து வீச வருவதில் பயனில்லை. கண்ணில் நீர் வடிவது நிற்கும்வரை வீட்டில் இருப்பதே சரி. அம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்ட நாளிலிருந்து குறைந்தது 5 நாள்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. பந்து தேங்கிய நீரிலோ சாக்கடையிலோ விழுந்தால் சிராய்த்த முழங்காலோடு இறங்கி எடுக்கிறார்கள். எலிகளின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், புண் வழியாக உடம்புக்குள் போகும். 1998-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏரியில் நீந்திய டிரையத்லான் வீரர்களுக்கும், 2000-ல் மலேசியாவின் சபாவில் சாகசப் போட்டிக்கு வந்தவர்களுக்கும் இப்படித்தான் கூட்டமாகக் காய்ச்சல் வந்தது. நீரில் இறங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், அந்த விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவருக்கு எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும்.

போட்டி நடத்தும் அண்ணன்மார்களிடம் ஒன்று கேட்கிறோம். ஆட்கள் பட்டியலில் இரண்டு மாற்று வீரர்களுக்கு இடம் கொடுங்கள். உடம்பு சரியில்லாமல் ஒதுங்கியவனுக்கு அடுத்த ஆட்டத்தில் அவன் இடம் அப்படியே இருக்கும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். தன் இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் பையன் காய்ச்சலை மறைக்கிறான்.