திராட்சைக் கொடியைப் பின்தொடர்ந்தால் சிறிய ஒயின் ஆலை

இந்தியாவில் ஒயின் ஆலையைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நாசிக்கில் உள்ள சூலாவுக்குத்தான் போகிறார்கள். 1999இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். உணவகம், தங்கும் விடுதி, இசைவிழா எல்லாம் உண்டு. சனி, ஞாயிறுகளில் திருவிழாக் கூட்டம்தான். ஒயின் எப்படி உருவாகிறது என்று நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள அது தோதான இடமல்ல. அதற்குச் சிறிய ஆலைகளே ஏற்றவை. அவற்றை விளம்பரப் பலகையை நம்பித் தேடுவதைவிடத் திராட்சை விளையும் ஊர்களின் வழியே தேடுவது நல்லது.

எடுத்துக்காட்டாக, கொள்ளிடத்தை அடுத்த தா.பழூரிலிருந்து புறப்படுகிறவருக்குப் பக்கத்தில் திராட்சை கிடையாது. கொள்ளிடக் கரையோரம் நெல்லும் கரும்பும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரியும் விளைகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையும் காற்றின் ஈரமும் கொடிக்கு ஆகாது. அடிச்சாம்பல் நோய் இலையையும் பிஞ்சையும் தாக்கிவிடும். பழுக்கும் காலத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், இனிப்பு ஏறாது. வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் கிடைக்கிற இடத்தில்தான் ஒயின் திராட்சை நன்றாக வருகிறது.

திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி போனால் தமிழ்நாட்டின் திராட்சைப் பள்ளத்தாக்கு வந்துவிடும். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர் திராட்சை தொங்கும். உலகம் இந்த ரகத்தை மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியும். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்யும் நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிவைப்பதால் ஆண்டின் எந்த மாதம் போனாலும் எங்கோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். இந்த வசதி நாசிக்கில் கிடையாது. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேனி மாவட்டத்திலேயே ஹில் ஜில் என்ற ஒயின் ஆலையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருப்பதால், தோட்டத்தில் உட்கார்ந்து சுவைத்து, பிடித்ததை வாங்கிவரும் பழக்கம் இங்கே வளரவில்லை. கம்பத்தில் கொடியைப் பார்க்கலாம். கோப்பைக்கு மாநிலம் தாண்ட வேண்டும்.

கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் அருகே, கன்வல் குரோவர் 1980களின் இறுதியில் பிரெஞ்சு ரகங்களை நட்டார். இன்று குரோவர் ஜாம்பா பெரிய பெயர். அதே மலையடிவாரத்தில் எஸ்.டி.யு. போன்ற சிறிய ஆலைகளும் உள்ளன. பெங்களூருவில் தங்குகிறவர் ஒரே பகலில் போய்வந்துவிடலாம். ஹம்பிக்கு அப்பால் கொப்பள் மாவட்டத்தில் உள்ள கிருஷ்மா, கருங்கல் மண்ணில் கொடி வளர்க்கும் தோட்டம். அங்கே நினைத்த நேரத்தில் நுழைய முடியாது, முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற வேண்டும். சிறிய ஆலைகள் பலவற்றின் வழக்கமும் இதுவே. வாசலில் வரவேற்பாளர் என்று தனியாக ஒருவர் இருக்கமாட்டார். தொட்டி கழுவுகிறவரே வந்து கதவு திறப்பார். அவரிடம் கேட்டால் எந்த வழிகாட்டியும் சொல்லாத விவரங்கள் கிடைக்கும்.

மகாராஷ்டிரம் 2001இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நாசிக்குக்குக் கிழக்கே நிபாட் வட்டத்து விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைந்தது அதையொட்டித்தான். சுற்றுலாப் பேருந்து அதிகம் எட்டிப்பார்க்காத பகுதி அது. மும்பைப் பாதையில் இகத்புரி அருகே வலோனே என்ற சிறிய ஆலை அணைநீரைப் பார்த்தபடி இருக்கிறது. சீரடிக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் போகிற தமிழர் எத்தனையோ பேர் இந்தத் தோட்டங்களின் ஓரமாகவே கடந்துபோகிறார்கள். பண்டரிபுரம் போகிறவர்களுக்கும் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ் எட்டும் தூரம்தான். அங்கே மோஹிதே பாட்டீல் குடும்பமும் இத்தாலியச் சகோதரர்களும் சேர்ந்து நிறுவிய ஃப்ராடெல்லி இருக்கிறது. அது சிறியதல்ல. ஆனாலும் நாசிக் கூட்டம் அங்கே வருவதில்லை. சிறியவை சிறியவையாகவே நீடிக்கும் என்றும் சொல்ல முடியாது. சூலாவின் பக்கத்து வீடு போலிருந்த யார்க் ஆலையை 2021இல் சூலாவே வாங்கிவிட்டது. ஆகவே பழைய பயணநூலை நம்பிக் கிளம்பக் கூடாது.

தேடுவதற்கு எளிய கருவி பாட்டிலின் பின்பக்கச் சீட்டு. விற்பவர் பெயர் ஒன்றாகவும் தயாரித்த இடம் வேறாகவும் இருந்தால், அந்தப் பெயருக்குச் சொந்த ஆலை இல்லாமல் இருக்கலாம். பிறர் ஆலையில் பிழிந்து தன் பெயர் ஒட்டுவது இத்தொழிலில் சாதாரணம். இரண்டு முகவரியும் ஒரே கிராமத்தைக் காட்டினால் போய்ப் பார்க்கலாம். பிரான்சில் சுயேச்சைத் திராட்சை விவசாயிகளின் கூட்டமைப்பு, பீப்பாயைத் தோளில் சுமக்கும் மனிதனின் உருவத்தைச் சின்னமாக வைத்திருக்கிறது. பாரிஸ் தமிழர் கார் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறம் போனால் அந்தச் சின்னத்தைப் பார்த்தே நுழையலாம். ஆஸ்திரியாவில் 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் விவசாயிகள் தம் ஒயினைத் தம் வீட்டிலேயே விற்க அனுமதித்தார். புது ஒயின் இருக்கிற வீட்டு வாசலில் இன்றும் பைன் கிளை தொங்கும். இந்தியாவில் அப்படி ஓர் அடையாளம் இல்லாததால் திராட்சை வியாபாரிகளையும் நாற்றுப் பண்ணைக்காரர்களையும் விசாரிப்பதே வழி. எந்த ஆலை யாரிடம் பழம் எடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

காலம் முக்கியம். நாசிக்கில் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்தாலும் அறுவடை ஒருமுறைதான், ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது போனால் குலை வெட்டுவது, காம்பு நீக்குவது, பிழிவது எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைத் தோலிலிருந்து உடனே பிரித்துவிடுவார்கள். சிவப்புக்குத் தோலோடு நொதிக்க விடுவார்கள், நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன. 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் தேவைப்படும். ஆனால் அறுவடை உச்சத்தில் சிறிய ஆலைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. உச்சம் தணிந்தபின் வார நாளில், காலை வேளையில் போவது இருவருக்கும் நல்லது. மழைக்காலத்தில் தோட்டம் பசுமையாக இருக்கும், பழமிருக்காது.

சுவைப்பவர் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் உள்ளூர் வாடகைக் கார் அமர்த்துவதே சரி. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் மது விற்பனை கிடையாது. தேர்தல் நாட்களிலும் அப்படியே. குடிக்கும் வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாட்டில் வாங்கி ஊர் திரும்புகிறவர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937இலிருந்து வருவது. வெளிமாநில மதுவைக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு, ஆலை கொடுத்த ரசீது மட்டும் போதாது. சட்டம் அனுமதிப்பது எவ்வளவு என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளாதவர், ஆலையில் விற்கும் திராட்சைச் சாறும் உலர்திராட்சையும் வாங்கிக்கொண்டு வருவது நலம்.