இயந்திரமும் உழைப்பும்: ஹந்தானை அரும்பொருட்காட்சியகத்தை முன்வைத்து

கண்டி, ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, 2001 முதல் தேயிலை அரும்பொருட்காட்சியகமாக விளங்குகின்றது. கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் தரம்பிரிக்கவும் பயன்பட்ட பழைய பொறிகளும், அவற்றை இயக்கிய எஞ்சின்களும் அங்கே பேணப்படுகின்றன. அவற்றை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும்?

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசைமீது கொழுந்தைக் கையாலேயே உருட்டச் செய்தார். பின்னர் அவ்வேலையைப் பொறி ஏற்றது. ஆனால், தொழிற்சாலைக்குள் கையின் இடத்தை எஞ்சின் பெற்றபோதும், மலைச்சரிவில் கொழுந்து கையாலேயே பறிக்கப்பட்டது. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். பொறியின் வேகம் கூடக்கூட, அதற்கு ஈடுகொடுக்கும் சுமை பெண்களின் விரல்கள்மீதே விழுந்தது எனலாம்.

இவ்வுழைப்பாளருள் மிகப் பெரும்பாலோருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே அதனை வழங்கிற்று. தேயிலை நாட்டின் செல்வமாகக் கொள்ளப்பட்ட காலத்தில், அதனை ஆக்கியோர் நாட்டினராகக் கொள்ளப்படவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்கின் இயந்திரம் வெறும் வியப்புப்பொருளே. கொழுந்துக்கூடையோடும் செக்ரோலோடும் சேர்த்துக் கற்கும்போதே அது வரலாற்றுச் சான்றாகின்றது.