நான்கு முளையும் ஒரு கயிறும்: காட்டைக் கணக்கெடுத்தல்

எங்கள் கூட்டேரிப்பட்டிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கடற்கரையில் இவ்வகைக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பல இடங்களில் கோயில் இருப்பதால்தான் மரம் இருக்கிறது.

இத்தகைய இடத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், கண்ணில் பட்ட மரங்களின் பெயரை எழுதச் சொல்வதே நம் வழக்கம். அது கணக்கெடுப்பு ஆகாது. அடுத்த ஆண்டு பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், மரம் போய்விட்டதா, யாரும் பார்க்கவில்லையா?

ஆய்வாளர்கள் முதலில் இடத்தை வரையறுக்கிறார்கள். முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 50 ஹெக்டேர் அளந்து, 1 செ.மீ. விட்டம் முதல் எல்லாத் தண்டுகளையும் கணக்கெடுத்தனர். சுமார் 70 வகைகள் இருந்தன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே பரப்பில் 300 வகைக்கு மேல். பரப்பும் அளவுமுறையும் ஒன்றாக இருப்பதால்தான் ஒப்பிட முடிகிறது. முதுமலையில் மீண்டும் மீண்டும் எண்ணியதால், யானைகளும் காட்டுத்தீயும் இளம் மரங்களைக் குறைப்பதும் தெரியவந்தது.

பள்ளிக்கு 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம் போதும். நான்கு முளை, கயிறு, தையல்காரர் டேப். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். 31.4 செ.மீ. சுற்றளவு என்றால் 10 செ.மீ. விட்டம், அதற்குக் குறைந்தவற்றை விட்டுவிடலாம். (வட்டத்தின் சுற்றளவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.) கொடிகள் இங்கே அதிகம், அவற்றைத் தனியே எழுதட்டும்.

ஒரு சதுரத்தில் 20 மரம், அதில் 18 காயா என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 12 மரம், ஆனால் 8 வகை. எது வளமான காடு என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும். சதுரம் கூடக் கூட மொத்த வகைகள் எத்தனையாகின்றன என்று வரைபடத்தாளில் குறிக்கட்டும். கோடு மேலேறாமல் படுக்கத் தொடங்கினால், அந்தக் காட்டுக்குப் போதுமான சதுரங்கள் எடுத்தாயிற்று.

பெயருக்கு ஊர்ப் பெரியவர்களே துணை. ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டு வகையாக எண்ணிவிடாமலிருக்க இலையைப் படமெடுத்து வையுங்கள். கோயில் காட்டில் அனுமதி பெற்றே நுழைய வேண்டும், இலை பறிக்கக் கூடாது. 2021இல் சரணாலயமான கழுவெளியில் பறவை எண்ணுவதென்றாலும் விதி இதுதான்: ஒரே இடம், ஒரே நேரம், அதே பத்து நிமிடம்.

சதுரத்தின் மூலைகளை வரைபடத்தோடு பதிவேட்டில் எழுதித் தலைமை ஆசிரியர் அறையில் வையுங்கள். நமக்கு மாறுதல் வரும். அடுத்து வருபவர் அதே நான்கு முளைகளின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.