திருப்பி அனுப்ப வேண்டிய இதழ்

1983-இல் அமெரிக்காவில் கொமடோர் 64 வைத்திருந்தவர்கள் கம்ப்யூட்டர் பத்திரிகையை வாசித்ததைவிட அடித்ததுதான் அதிகம். ‘டேட்டா’ என்று தொடங்கும் வரிகள், அவற்றில் காற்புள்ளி போட்டுப் பிரித்த எண்கள், பக்கம் பக்கமாக. விளையாட்டு வேண்டுமா? உட்கார்ந்து அத்தனையையும் அடி. ஓர் எண் பிசகினாலும் திரை அப்படியே நின்றுவிடும். ஸேவ் செய்யாமல் ‘ரன்’ கொடுத்தவர்பாடு திண்டாட்டம். மிஷினை அணைத்துப் போட்டால் மாலையெல்லாம் அடித்தது போயே போச்சு. பிறகு கம்ப்யூட்ஸ் கெஸட் பத்திரிகை ‘ஆட்டோமேடிக் ப்ரூஃப்ரீடர்’ என்ற குட்டி புரோகிராமைக் கொடுத்தது. ஒவ்வொரு வரி அடித்து முடித்ததும் அது திரையில் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். அச்சிலிருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் அடுத்த வரி. பிழை குறைந்தது, விரல் வலி குறையவில்லை.

அடிக்கிற வேலையே இல்லாத இதழ்கள் அதற்கு முன்பே இருந்தன. 1978-இலேயே டிஆர்எஸ்-80 கம்ப்யூட்டருக்கு ‘சிலோட்’, கொமடோர் பெட்டுக்கு ‘கர்சர்’ என்று கேசட்டில் பத்திரிகை வந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அடுத்து வந்ததுதான்.

லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து 1981-இல் ஆப்பிள் 2-க்காகத் தொடங்கிய ‘சாஃப்ட்டிஸ்க்’. ஐந்தேகால் அங்குல பிளாப்பி தபாலில் வரும். படித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அதே பிளாப்பியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் அடுத்த இதழ். நூலகப் புத்தகம் மாதிரி. அன்று பிளாப்பி விற்ற விலை அப்படி. ஆனால் சும்மா திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இதழ் எப்படி இருந்தது என்ற கருத்தையும், தான் எழுதிய புரோகிராமையும் சந்தாதாரர் அதிலேயே பதிந்து அனுப்பலாம். போன தபாலில் இதழ், வந்த தபாலில் வாசகர் கடிதம். இரண்டுக்கும் ஒரே தட்டு!

பிளாப்பி மலிந்ததும் 1983-இல் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். நல்லதுதான். பத்திரிகை படிக்க மாதாமாதம் தபால் நிலையத்துக்கு யார் நடப்பது?

அதே ஊரிலிருந்து 1984-இல் கொமடோர் 64-க்கு ‘லோட்ஸ்டார்’ வந்தது. பெயரிலேயே குறும்பு. டிஸ்க்கிலிருக்கும் முதல் புரோகிராமை ஏற்ற லோட் "*",8,1 என்று அடிப்பார்கள். லோட், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ஆங்கிலத்தில் வழிகாட்டும் துருவ நட்சத்திரத்துக்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. 1541 டிரைவில் ஒரு பக்கத்துக்கு 664 பிளாக், அதாவது ஏறக்குறைய 170 கேபி. கட்டுரை, விளையாட்டு, இசை, பயன்பாட்டு புரோகிராம் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். பின்னால் மூன்றரை அங்குல 1581 டிரைவுக்கும் இதழ் வந்தது; அதில் 3,160 பிளாக். இடம் கூடியது, டிஸ்க்கைப் புரட்டிப் போடும் வேலை போனது.

இத்தனையும் மாறியபோது ஒன்றை மட்டும் அவர்கள் தொடவில்லை. காப்பி எடுக்க முடியாதபடி கடைகளில் விளையாட்டு பிளாப்பிகளுக்குப் பூட்டுப் போட்ட காலத்தில், இந்த இதழ்கள் பூட்டில்லாமல் வந்தன. பேசிக்கில் எழுதிய விளையாட்டா? ரன்/ஸ்டாப் விசையைத் தட்டி, ‘லிஸ்ட்’ என்று அடித்தால் எழுதியவரின் கைவரிசை முழுக்கத் திரையில் ஓடும். ‘போக் 53280’ என்ற வரியைக் கண்டுபிடித்துக் கடைசி எண்ணை மாற்றினால் திரையின் ஓரம் வேறு நிறமாகிவிடும். ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவர் கேட்டது ‘பீக் 56320’ வரியில் இருக்கும். அதை எடுத்துத் தன் புரோகிராமில் வைத்துக்கொள்வதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. இதழில் வந்த மற்ற முன்னேற்றங்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

புரோகிராமர்கள் வளர்ந்ததும் இப்படித்தான். சாஃப்ட்டிஸ்க்குக்கு வெளியிலிருந்து விளையாட்டு எழுதி விற்றுக்கொண்டிருந்த ஜான் கார்மாக் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். ஜான் ரொமேரோவும் அங்கிருந்தார். 1990-இல் ‘கேமர்ஸ் எட்ஜ்’ என்று ஐபிஎம் பிசிக்கு விளையாட்டு இதழ் நடத்தியவர்கள், அடுத்த ஆண்டே வெளியேறி ஐடி சாஃப்ட்வேர் தொடங்கினார்கள். ‘டூம்’ செய்தவர்கள் என்றால் பலருக்கும் தெரியும்.

கொமடோர் கம்பெனி 1994 ஏப்ரலில் திவாலாகிவிட்டது. லோட்ஸ்டார் 2007 வரை வந்தது. மிஷின் செய்தவன் கடையை மூடிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மிஷினுக்கு ஒரு பத்திரிகை!

இன்று அந்த பிளாப்பியின் ஒரு பக்கம் 174,848 பைட் கொண்ட டி64 கோப்பு. செல்போனில் எடுக்கும் ஒரு படம்கூட இதைவிடப் பெரிது. எஸ்டி கார்டில் போட்டுப் பழைய மிஷினிலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு; மற்றவர்களுக்கு ‘வைஸ்’ என்ற இலவச எமுலேட்டர். தபால்காரருக்குக் காத்திருக்க வேண்டாம், பிளாப்பி மடங்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ‘லிஸ்ட்’ மட்டும் அன்று போலவே வேலை செய்கிறது.

ஓட்டிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘வைஸில்’ வேகத்தைக் கூட்டும் ‘வார்ப்’ வசதியை அணைத்துவிட்டு, டிரைவையும் அசல் வேகத்தில் ஓட விடுங்கள். 1541 டிரைவ் வினாடிக்குச் சுமார் 400 பைட்தான் அனுப்பும். 40 பிளாக் புரோகிராம் ஏற 25 வினாடி ஆகும், காபி ஆறிவிடாது.