புதிய வண்ண மீன்களைத் தொட்டி விளக்குக்குப் பழக்குதல்

புதிதாக வாங்கிய வண்ண மீன்களைத் தொட்டி விளக்கின் வெளிச்சத்துக்குச் சிறிது சிறிதாக உட்படுத்துவதே ஒளிக்குப் பழக்குதல் ஆகும். இடம் மாறிய மீன்கள் மூலையில் பதுங்குவதும் இரை எடுக்காதிருப்பதும் இயல்பு. முதல் நாளிலேயே விளக்கை முழு ஒளியில் எரியவிட்டால் இந்த அச்சம் நீடிக்கும்.

சென்னையின் கொளத்தூர் இந்தியாவின் முதன்மையான வண்ண மீன் சந்தைகளுள் ஒன்று. அங்கு வாங்கும் மீன்கள் செங்குன்றம் வழியாகப் பெரியபாளையத்துக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ வந்துசேர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அதுவரை ஆக்சிசன் நிரப்பிய நெகிழிப் பையில், பெரும்பாலும் இருட்டில் இருந்த மீன்களுக்குத் திடீர் வெளிச்சம் பேரதிர்ச்சியாகும்.

காரணம்

பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு இமைகள் இல்லை. மனிதக் கண்மணியைப் போல அவற்றின் கண்மணி சுருங்கி ஒளியைக் குறைப்பதும் இல்லை. அதற்குப் பதிலாக விழித்திரையில் உள்ள நிறமிகளும் ஒளியுணர் செல்களும் இடம்பெயர்ந்து கண்ணை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றுகின்றன. இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். சில இனங்களில் அரை மணி நேரத்தையும் தாண்டும்.

வாழிடமும் ஒரு காரணம். 1936இல் ஜார்ஜ் மையர்ஸ் அறிவியல் உலகுக்கு விவரித்த நியான் டெட்ரா, அமேசான் படுகையின் மர நிழல் கவிந்த நீரோடைகளைச் சேர்ந்தது. பண்ணையில் பிறந்த மீனிடமும் திறந்த வெளிச்சத்தைத் தவிர்க்கும் இயல்பு தொடர்கிறது.

பழக்கும் முறை

* விளக்கை அணைத்துவிட்டு, பையை 15 முதல் 20 நிமிடங்கள் தொட்டி நீரில் மிதக்கவிட வேண்டும். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீன்களை வலையால் எடுத்து விடலாம்.
* முதல் நாள் முழுவதும் தொட்டி விளக்கு வேண்டாம். அறை வெளிச்சமே போதும்.
* இரண்டாம் நாள் 3 அல்லது 4 மணி நேரம் மங்கலாக எரியவிடலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி 8 மணி நேரத்தில் நிறுத்தலாம்.
* ஒளியைக் குறைக்கும் வசதி இல்லாத விளக்காயின், மேல்மூடியின் கண்ணாடி மீது மெல்லிய வெள்ளைத் தாளை விரிக்கலாம். விளக்கு சூடாகும் வகை என்றால் தாள் கூடாது.
* தொட்டி விளக்கைப் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அறை விளக்கைப் போடவேண்டும்.

மறைவிடம்

ஒளிந்துகொள்ள இடம் இருக்கும் மீனே துணிந்து வெளியே வரும். மண்பானை ஓடு, மரவேர், ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகள் நிழல் தரும். கழுவிய உலர்ந்த வாதாம் இலை நீரைத் தேநீர் நிறமாக்கி ஒளியைத் தணிக்கும். டெட்ரா போன்ற கூட்ட மீன்களை ஆறுக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும்.

ஒழுங்கான நேரம்

தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் வீடு திரும்பும் நேரத்திலெல்லாம் விளக்கைப் போட்டால் மீன்களுக்குப் பகலும் இரவும் குழம்பும். மின்தடை நீங்கி நள்ளிரவில் விளக்கு தானாக எரிந்தால், மிரண்ட மீன் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடவும் கூடும். நேரம் அமைக்கும் டைமரும் மேல்மூடியும் இவற்றைத் தவிர்க்கும். மின்தடைக்குப் பின் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கூச்சமா, நோயா?

கெளுத்தி போன்ற இரவு மீன்கள் பகலில் மறைந்திருப்பது இயல்பே. விளக்கை அணைத்ததும் மீன் வெளியே வந்து இரை தேடினால் அது கூச்சம். இருட்டிலும் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நிற்பது, நீர்ப்பரப்பில் வாய் திறந்து மூச்சுவாங்குவது, உடலில் வெண்புள்ளிகள் தோன்றுவது ஆகியவை நோயின் அல்லது நீர் கெட்டதன் அறிகுறிகள். அப்போது விளக்கை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல், முதலில் நீரில் அம்மோனியா அளவைச் சோதிக்க வேண்டும். கண்ணாடியைத் தட்டி மீனை வெளியே வரவழைப்பது எந்நிலையிலும் தவறு.